ஸ்க்ரூபால் காமெடி: சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. உங்களுக்கு எப்படி?

இரவுக்காட்சி

கொஞ்ச காலமாக 1930களின் ஹாலிவுட் ஸ்க்ரூபால் படங்களை (கிறுக்குத்தனமும் வேகமான பேச்சுமாக ஓடும் காதல் காமெடிகள்) ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். நேற்று பிரிங்கிங் அப் பேபி (1938). ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கம். கேரி கிராண்ட், கேத்தரின் ஹெப்பர்ன் ஜோடி. இந்த வகையில் சிறந்தவை என்று யார் பட்டியல் போட்டாலும் இது மேலேதான் இருக்கிறது.

முதல் அரைமணி நேரம் எனக்கும் நல்ல சிரிப்பு. ஓட்டலில் அவள் கவுனின் பின்பக்கம் கிழிந்துவிடுகிறது. அது அவளுக்கே தெரியாது. சொல்லவும் முடியாமல் விடவும் முடியாமல் கிராண்ட் தன் தொப்பியால் மறைக்கப் பார்த்து, கடைசியில் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே தாளத்தில் கால் எடுத்து வைத்து வெளியே நடக்கிறார்கள். அந்த நடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் கதை கனெக்டிகட் போனபிறகு முடியவில்லை. அவளிடம் இருக்கும் சிறுத்தை தொலைகிறது, நாய் அவனுடைய டைனோசர் எலும்பை எங்கேயோ புதைக்கிறது, இன்னொரு சிறுத்தை வருகிறது, எல்லோரையும் ஜெயிலில் போடுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவரும் காது கொடுப்பதில்லை. படம் முடியும்போது எனக்குத் தலைவலி. அந்தப் பெண்ணை யாராவது ஓர் அறையில் வைத்துப் பூட்டமாட்டார்களா என்று இருந்தது. (பூட்டுகிறார்கள். அதிலிருந்தும் தப்பித்துவிடுகிறாள்.)

இதற்கு முந்தைய வருடம் வந்த தி ஆஃபுல் ட்ரூத் படத்திலும் இதே கிராண்ட்தான். நாய் கூட அதே நாய்தான், ஸ்கிப்பி. அதிலும் கிறுக்குத்தனத்துக்குக் குறைவில்லை. விவாகரத்து வாங்கிய புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் பிழைப்பை ஒருவர் கெடுப்பதுதான் முழுக்கதையும். ஆனால் அது முடிந்தபோது இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமே என்று தோன்றியது. என்ன வித்தியாசம்? இந்தப் படங்களில் ஊறியவர்கள் சொல்லுங்கள்.

டூரிங் டாக்கீஸ்

உங்களுக்கு வந்த தலைவலி 1938இலேயே அமெரிக்கர்களுக்கு வந்துவிட்டது. படம் வெளியானபோது சரியாகப் போகவில்லை, படத்தை எடுத்த ஆர்.கே.ஓ கம்பெனிக்கு நஷ்டம். அதே வருடம் மே மாதம் தியேட்டர் உரிமையாளர்கள் தரப்பிலிருந்து பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. இன்னின்ன நட்சத்திரங்கள் பாக்ஸ் ஆபீசுக்கு விஷம் என்று பெயர் போட்டே எழுதியிருந்தார்கள். கிரேட்டா கார்போ, ஜோன் க்ராஃபோர்ட் பெயர்களோடு ஹெப்பர்ன் பெயரும் இருந்தது. இதைக் கிளாசிக் ஆக்கியது பின்னால் வந்த தலைமுறை.

உங்கள் கேள்விக்கு ஹாக்ஸே பதில் சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் எடுத்த பேட்டியில், அந்தப் படத்தின் பெரிய குறையே அதில் நார்மலான ஆள் ஒருவர்கூட இல்லாததுதான் என்றார். யோசித்துப் பாருங்கள். மனநல டாக்டருக்குக் கண் துடிக்கிறது, கான்ஸ்டபிளுக்கு எதுவும் விளங்கவில்லை, தோட்டக்காரர் குடிகாரர், வேட்டைக்காரர் மேஜர் சாப்பாட்டு மேஜையில் சிறுத்தை மாதிரி குரல் கொடுக்கிறார். கிறுக்கு என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டும் அல்லவா? அதைத்தான் ஹாக்ஸ் எடுத்துவிட்டார்.

ஆஃபுல் ட்ரூத்தில் லியோ மெக்கேரி அந்தத் தப்பைச் செய்யவில்லை. கிராண்டின் பெண்டாட்டியாக வரும் ஐரீன் டன் ஆண் வாத்தியார் ஒருவரிடம் பாட்டு கற்றுக்கொள்கிறாள். அங்கே என்னமோ நடக்கிறது என்று கிராண்டுக்குச் சந்தேகம். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறான். பார்த்தால் கச்சேரி! பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் பியானோ பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருக்கிறாள். அசடு வழியக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கெத்தாகப் பின்னால் சாய்கிறான். நாற்காலி சரிகிறது. பிடிக்கப்போன மேஜையும் கூடவே சரிகிறது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. கடைசி வரியை இழுக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது, அந்தச் சிரிப்பையே சுருதி பிசகாமல் பாட்டுக்குள் வைத்து முடிக்கிறாள். இவனை இவள் இன்னும் விடவில்லை என்பது நமக்கு அங்கேதான் தெரிகிறது. அறையில் மற்ற எல்லோரும் மரியாதையாக, வாய்திறக்காமல் இருப்பதால்தான் அந்தச் சிரிப்பு நம் காதில் விழுகிறது.

நீலாம்பரி

நார்மல் ஆள் தியரி இருக்கட்டும். 'அந்தப் பெண்ணை அறையில் வைத்துப் பூட்டணும்' என்பதற்கு என் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் மறுவேலை.

படம் எங்கே ஆரம்பிக்கிறது? மியூசியத்தில். மறுநாள் கிராண்டுக்குக் கல்யாணம். அவன் கட்டிக்கொள்ளப்போகும் மிஸ் ஸ்வாலோ, தேனிலவெல்லாம் கிடையாது, வேலைதான் முக்கியம் என்கிறாள். குழந்தை பற்றிய பேச்சு வரும்போது அந்த டைனோசர் எலும்புக்கூட்டைக் காட்டி இதுதான் நம் குழந்தை என்கிறாள். அந்த ஆளுக்கு முன்னால் இருப்பது ஆயுள் தண்டனை. அதிலிருந்து அவனைப் பிய்த்து எடுக்க சாதுவான ஒரு பெண் போதாது, புயல்தான் வேண்டும். காமெடி நடிகர்கள் மார்க்ஸ் சகோதரர்கள் ஒரு ஆப்பரா அரங்கத்தையே நாசம் பண்ணுகிறார்கள், அவர்களைப் பூட்டச் சொல்லி யாரும் எழுதுவதில்லை. 1938இல் ஒரு பெண், தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது, விடமாட்டேன் என்று துரத்துகிறாள். அவன் ஓடுகிறான். எனக்கு இந்த வகைப் படங்களின் முதல் கவர்ச்சியே அதுதான். கதாநாயகி காத்திருப்பதில்லை.

எனக்கு எரிச்சல் வரும் இடம் வேறு. தி பிலடெல்பியா ஸ்டோரி (1940). அதே கிராண்ட், அதே ஹெப்பர்ன். ஆரம்பக் காட்சியிலேயே அவன் அவள் முகத்தில் கை வைத்துத் தள்ளி விழ வைக்கிறான், நாம் சிரிக்க வேண்டும். நடுவில் அவள் அப்பா வருகிறார். நாட்டியக்காரி ஒருத்தியோடு சுற்றிவிட்டு வந்த மனிதர், தான் அப்படிப் போனதற்கு வீட்டில் பாசமான மகள் இல்லாததும் காரணம் என்று மகளுக்கே பாடம் எடுக்கிறார். படமும் அவர் பக்கம் நிற்கிறது! அந்தப் பெண்ணை நாலு ஆண்கள் மாறி மாறி 'நீ சிலை, நீ தெய்வம், உனக்கு இரக்கமில்லை' என்று சொல்லிச் சொல்லிக் கீழே இறக்குவதுதான் கதை.

மேலே டூரிங் டாக்கீஸ் சொன்ன விஷம் விளம்பரத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். பிலடெல்பியா ஸ்டோரி முதலில் நாடகம். பிலிப் பேரி அதை ஹெப்பர்னை மனதில் வைத்து எழுதினார். பட உரிமையும் ஹெப்பர்ன் கையில் இருந்தது. வாங்கிக் கொடுத்தவர் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹ்யூஸ். ஜனங்களுக்குத் தன் மேல் என்ன கோபம் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. திமிர் பிடித்தவள் அடிவாங்குவதைப் பார்க்க வேண்டுமா, காசு கொடுத்து வந்து பாருங்கள் என்றார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அப்பா காட்சியை நான் ஓட்டிவிட்டுத்தான் பார்ப்பேன்.

இரவுக்காட்சி

பூட்டச் சொன்னது சத்தத்தை, மேடம். ஆனால் பிலடெல்பியா ஸ்டோரி அப்பா விஷயத்தில் உங்கள் கட்சிதான். ராத்திரியில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் குடித்துவிட்டு வந்து கிராண்டோடு பேசும் காட்சி மட்டும் இல்லையென்றால் அந்தப் படத்தை நான் பாதியிலேயே விட்டிருப்பேன். ஸ்டூவர்ட்டுக்கு விக்கல் வருவதும், கிராண்ட் சிரிப்பை அடக்குவதும் அத்தனை இயல்பு.

பெஞ்சு டிக்கெட்

எல்லோரும் ஆண் பெண் சண்டையையே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது பணம். இந்தப் படங்களில் யாருக்குமே வாடகைக் கவலை கிடையாது. வெளியே 1933இல் வேலை தேடுகிறவர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. திரைக்குள் வெள்ளை சோபா, ஷாம்பெயின், கிராமத்து பங்களா.

மை மேன் காட்ஃப்ரே (1936) எடுத்துக்கொள்ளுங்கள். பணக்காரர்கள் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். யாருக்கும் வேண்டாத பொருட்களைத் தேடிக்கொண்டு வர வேண்டும், முதலில் வருபவருக்குப் பரிசு. ஒருவர் ஆடு கொண்டுவருகிறார். பட்டியலில் கடைசியாக ஒரு அநாதரவான மனிதனும் உண்டு. நியூயார்க் ஆற்றோரக் குப்பைமேட்டில் தகரக் கொட்டகையில் இருக்கும் வில்லியம் பவலை, கரோல் லொம்பார்ட் கூட்டிக்கொண்டு போய் மேடையில் நிறுத்துகிறாள். 'தாடி ஒட்டியதா நிஜமா' என்று இழுத்துப் பார்க்கிறார்கள். முதல் பத்து நிமிடம் எரிகிறது படம். அப்புறம்? அந்த ஆள் ஏழையே இல்லை, பாஸ்டன் பணக்காரக் குடும்பத்துப் பையன், காதல் தோல்வியில் குப்பைமேட்டுக்கு வந்தவன் என்று சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் குப்பைமேடு நைட் கிளப் ஆகிறது, கொட்டகைக்காரர்களுக்கு அங்கே சர்வர் வேலை. பிரச்சினை தீர்ந்ததாம்! என்ன ஒரு கோழைத்தனம்.

இட் ஹாப்பன்ட் ஒன் நைட் (1934) இந்த விஷயத்தில் தேவலை. வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் நிருபர் கிளார்க் கேபிளும் போகும் ராத்திரி பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடுகிறார்கள், திடீரென்று ஒரு பையன் அலறுகிறான். அவன் அம்மா பசியில் மயங்கி விழுந்திருக்கிறாள். சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. கிளார்க் கேபிளிடம் இருந்த காசு பையன் கைக்குப் போகிறது. கடைசியில் அவளுடைய அப்பாவிடம் கேபிள் போகும்போது, மகளைக் கண்டுபிடித்துத் தந்தால் 10,000 டாலர் என்று அவர் அறிவித்த பரிசைத்தான் கேட்க வந்திருக்கிறான் என்று அவர் நினைக்கிறார். அவன் செலவுக் கணக்கை நீட்டுகிறான்: 39 டாலர் 60 சென்ட். பெட்டியில் இருந்த உடுப்பை விற்றது, அடகு வைத்தது எல்லாம் அதில் வரும். அதுதான் கௌரவம். இயக்குநர் ஃப்ராங்க் காப்ராவுக்கு அந்த அறுபது சென்ட்டை விடாமல் வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கறுப்புவெள்ளை

பெஞ்சு டிக்கெட் அண்ணே, ஈஸி லிவிங் (1937) பார்த்தீர்களா? ப்ரஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி மிட்செல் லைசன் இயக்கியது. பெண்டாட்டி வாங்கிய 58,000 டாலர் ரோமக் கோட்டை ஒரு பேங்கர் ஆத்திரத்தில் மாடியிலிருந்து தூக்கி எறிகிறான். அது திறந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் ஜீன் ஆர்தர் தலையில் விழுகிறது. கையில் காசில்லாத பெண், தோளில் அந்தக் கோட்டு இருப்பதாலேயே ஓட்டல்காரன் அறை கொடுக்கிறான், கார்க்காரன் கார் கொடுக்கிறான், ஷேர் மார்க்கெட்டே ஆடுகிறது. நடுவில் காசு போட்டால் சாப்பாட்டுக் கதவு திறக்கும் ஆட்டோமேட் உணவகத்தில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ள, தெருவில் இருக்கும் ஏழைகள் முழுவதும் உள்ளே பாய்கிறார்கள். அவள் மட்டும் கோட்டைக் கழற்றாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்து தட்டைக் காலி பண்ணுகிறாள். பசி பற்றி ஹாலிவுட் எடுத்த சிரிப்புக் காட்சிகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் எரிச்சல் பட்டியலில் ஒன்று விட்டுப்போய்விட்டது: கறுப்பின மனிதர்களை இந்தப் படங்கள் நடத்தும் விதம். போர்ட்டர், சமையற்காரி, கண்ணை உருட்டிப் பயப்படும் ஆள். வேறு வேடம் கிடையாது. ஸ்டர்ஜஸின் தி பாம் பீச் ஸ்டோரியில் (1942) குடித்த கோடீஸ்வர வேட்டைக்காரர்கள் ஓடும் ரயில் பெட்டிக்குள் நிஜத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். மதுக்கடை ஊழியர் பிஸ்கட்டை மேலே வீச வேண்டும், அவர்கள் குறி பார்ப்பார்கள். அவர் கறுப்பர், மேஜைக்குக் கீழே நடுங்குகிறார், அது ஜோக். அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோகலாம். எனக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வருவதில்லை, அவ்வளவுதான்.

சப்டைட்டில் சங்கரி

சத்தம், தலைவலி என்று ஆரம்பித்ததால் தொழில் சார்ந்து ஒன்று சொல்கிறேன். நான் சப்டைட்டில் போடுகிறவள். இந்தப் படங்கள் எங்களுக்குக் கொடுங்கனவு. திரையில் இரண்டு வரிதான் இடம். அதைப் படிக்கப் பார்வையாளருக்கு நேரம் வேண்டும். ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே (1940) படத்தில் அந்த நேரத்துக்குள் மூன்று பேர் ஆறு வசனம் பேசியிருப்பார்கள். எதையாவது வெட்டியே ஆக வேண்டும். நீங்கள் படிப்பது பாதிப் படம்தான், மீதி காதில் விழும் இரைச்சல். தலைவலிக்குப் பாதிக் காரணம் நாங்கள்!

ஹாக்ஸ் இதை எப்படிச் செய்தார் என்பது அழகான விஷயம். ஒவ்வொரு வசனத்தின் முன்னாலும் பின்னாலும் தேவையில்லாத சொற்களை வைத்து எழுதச் சொன்னார். ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் பேச்சை ஆரம்பித்தாலும் விழுங்கப்படுவது அந்தச் சக்கைதான், சாரம் நடுவில் பத்திரமாக இருக்கும். பார்க்கும்போது நிஜமாகவே குறுக்கே விழுந்து பேசுகிற மாதிரி இருக்கும். அத்தனையும் கணக்கு.

என் யோசனை: ஆங்கிலம் ஓரளவு காதில் ஏறும் என்றால் இரண்டாவது தடவை சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள். முகங்களைப் பார்க்க நேரம் கிடைக்கும். ரோஸலிண்ட் ரஸ்ஸல் டெலிபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, கிராண்டோடு சண்டை போட்டுக்கொண்டே டைப் அடிப்பதை எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தால் பார்க்கவே முடியாது. காப்புரிமை புதுப்பிக்கப்படாத படம், அமெரிக்காவில் பொதுச்சொத்து. இணையத்தில் சுத்தமான பிரதி தேடினால் கிடைக்கும். காட்ஃப்ரேயும் அப்படியே.

நீலாம்பரி

சங்கரி, ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே பேச்சை எடுத்துவிட்டீர்கள். அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு இரண்டு மனசு. மூல நாடகத்தில் ஹில்டி (படத்தில் ரஸ்ஸல்) ஆண் நிருபர். ஹாக்ஸ் அதைப் பெண்ணாக்கி, பத்திரிகை ஆசிரியர் வால்டரின் (கிராண்ட்) மாஜி மனைவியாகவும் ஆக்கினார். அதனால் வேலைச் சண்டையும் தாம்பத்தியச் சண்டையும் ஒன்றாகிவிட்டது. வேலையில் இத்தனை சூரப்புலியாக ஒரு பெண்ணை அப்போதைய படங்களில் பார்ப்பது அபூர்வம்.

ஆனால் மோலி? தூக்கில் தொங்கப்போகும் எர்ல் வில்லியம்சுக்கு இரக்கம் காட்டிய ஒரே பெண். அவன் பிரஸ் ரூமில் மேஜைக்குள் ஒளிந்திருக்கிறான். நிருபர்கள் ஹில்டியை நெருக்குகிறார்கள். அவர்கள் கவனத்தைத் திருப்ப மோலி ஜன்னல் வழியாகக் குதிக்கிறாள். அடுத்த நொடி வால்டர் உள்ளே வருகிறான், ஹில்டி கையைப் பிடித்து இழுக்கிறான், செய்தி எங்கே என்கிறான். மோலியை அதன்பின் படம் மறந்தே போகிறது. ஹில்டியும் மறக்கிறாள். கூட்டத்தோடு பார்த்தால் அங்கேயும் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னால் முடிவதில்லை.

டூரிங் டாக்கீஸ்

அந்த இடம் தவறி விழுந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது. நிருபர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கொஞ்சம் முன்னால்தான் ஹில்டியே முகம் சுளிக்கிறாள். பிறகு செய்தி வாசனை பட்டதும் அவளும் அவர்களில் ஒருத்தி ஆகிவிடுகிறாள். வேகம் என்ன செய்யும் என்று படம் நமக்கே செய்து காட்டுகிறது. நாமும் மோலியை விட்டுவிட்டு அடுத்த ஜோக்குக்கு ஓடுகிறோம் இல்லையா?

நீலாம்பரி

சார், செய்து காட்டுகிறது, சரி. காட்டிவிட்டு வெட்கப்படவும் வேண்டாமா? கடைசிக் காட்சியைப் பாருங்கள். நயாகரா தேனிலவு போய், ஆல்பனி வேலைநிறுத்தச் செய்திக்குக் கிளம்புகிறார்கள். அவன் முன்னால் நடக்கிறான், அவள் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறாள். முதல் காட்சியில் மரியாதை தெரியாதவன் என்று அவனை அவள் கிண்டல் செய்தாளே, அதே ஆள்தான். ஒரு அணுகூட மாறவில்லை.

பெஞ்சு டிக்கெட்

இதில் பாவம், இரண்டு படத்திலும் கிராண்டின் மாஜி மனைவியைக் கட்டிக்கொள்ள வரும் ரால்ஃப் பெல்லமிதான். ஆஃபுல் ட்ரூத்தில் ஓக்லஹோமா எண்ணெய்க்காரர், அம்மா பிள்ளை. ஹிஸ் கேர்ள் ஃப்ரைடேயில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், இங்கேயும் அம்மா கூடவே வருகிறார். இரண்டிலும் நல்ல மனுஷன், மழைக்குக் குடை எடுத்துக்கொண்டு வருகிற ரகம். கிராண்ட் அவரைத் திருட்டுக் கேசில் மாட்டிவிடுகிறான், கள்ளநோட்டுக் கேசில் மாட்டிவிடுகிறான். போதாதென்று அவர் அடையாளம் சொல்லும்போது, 'சினிமாவில் வருவானே ரால்ஃப் பெல்லமி, அவன் ஜாடை' என்று வேறு சொல்கிறான். டூரிங் டாக்கீஸ் சொன்ன நார்மல் ஆள் இவர்தானே? நார்மலாக இருந்ததற்கு இதுதானா கூலி? ஆஸ்கருக்குப் பரிந்துரை வந்தது ஒன்றுதான் ஆறுதல், அதுவும் ஆஃபுல் ட்ரூத்துக்கு.

கறுப்புவெள்ளை

அதற்கு சென்சாரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அண்ணே. 1934 ஜூலையிலிருந்து ஜோசஃப் ப்ரீன் அலுவலகத்தின் சான்று இல்லாமல் பெரிய கம்பெனிப் படம் எதுவும் தியேட்டருக்குப் போக முடியாது. படுக்கை கூடாது, கள்ளத்தொடர்பை ரசனையாகக் காட்டக் கூடாது. எழுத்தாளர்கள் கண்டுபிடித்த சந்து என்ன தெரியுமா? விவாகரத்து. ஏற்கெனவே கல்யாணம் ஆகிப் பிரிந்தவர்கள் ஒரே அறையில் நின்று எதை வேண்டுமானாலும் ஜாடையாகப் பேசலாம். அதனால்தான் மாஜி மனைவியை மீட்கும் கதை இத்தனை. அந்தக் கதைக்கு ஒரு பெல்லமி கட்டாயம் வேண்டும். அவர் வில்லனாக இருந்தால் அவள் அவரைத் தேர்ந்தெடுத்தது முட்டாள்தனம் ஆகிவிடும், கவர்ச்சியாக இருந்தால் கிராண்டிடம் திரும்பமாட்டாள். ஆக, நல்லவர், ஆனால் அறுவை.

ஆஃபுல் ட்ரூத் முடிவைப் பாருங்கள். மலை வீடு, பக்கத்துப் பக்கத்து அறை, நடுவில் தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. காற்று அடித்தால் திறந்துகொள்கிறது. நள்ளிரவு அடித்தால் விவாகரத்து அமலுக்கு வந்துவிடும். சுவரில் ஒரு கடிகாரம், மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு ஆண் பொம்மையும் ஒரு பெண் பொம்மையும் தனித்தனிக் கதவில் வெளியே வந்து, தனித்தனியே உள்ளே போகின்றன. கடைசி மணிக்கு ஆண் பொம்மை தன் கதவை விட்டுவிட்டு அவள் கதவுக்குள் ஓடிவிடுகிறது. படம் முடிந்தது. முத்தம்கூட இல்லை. சென்சார்காரர் எதை வெட்டுவார், கடிகாரத்தையா?

பெஞ்சு டிக்கெட்

அது நல்ல முடிவு. பெரும்பாலான படங்களில் முடிவு என்பது கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு பாதிரியாரைக் கூப்பிடுவதுதான். காட்ஃப்ரேயில் லொம்பார்ட் அவனை நிற்க வைத்துக் கட்டிக்கொள்கிறாள், அவன் சம்மதம் என்றுகூடச் சொல்லவில்லை! இத்தனைக்கும் பவலும் லொம்பார்டும் நிஜ வாழ்க்கையில் கல்யாணம் செய்து 1933இலேயே பிரிந்தவர்கள். அப்படியும் அந்த வேடத்துக்கு லொம்பார்டைப் போடச் சொன்னவர் பவல்தான்.

இன்னொன்று. இட் ஹாப்பன்ட் ஒன் நைட் நம் பக்கம் வந்த கதையும் உண்டு. 1956இல் ஏவி.எம். அதை இந்தியில் சோரி சோரி என்று எடுத்தார்கள், ராஜ் கபூர், நர்கீஸ். பாட்டெல்லாம் தேன். ஆனால் பாட்டு வந்ததும் சண்டையின் சூடு ஆறிவிடுகிறது. மூலப்படத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று வெகுநேரம் வாய்விட்டுச் சொல்லாமல், டோநட்டை காபியில் எத்தனை நேரம் முக்குவது என்று சண்டை போடுகிறார்கள். பாட்டு வந்துவிட்டால் அதையெல்லாம் சொல்லியே ஆக வேண்டுமே. வசன வேகத்துக்கு நம்மிடம் பதில் கிரேசி மோகன்தான். மைக்கேல் மதன காம ராஜன் பார்க்கும்போது ஒரு ஜோக்குக்குச் சிரித்தால் அடுத்த இரண்டு போய்விடும்.

சப்டைட்டில் சங்கரி

அதற்கும் சப்டைட்டில் போடச் சொல்லிவிடாதீர்கள்.

இரவுக்காட்சி, நீங்கள் இன்னும் தி லேடி ஈவ் (1941) பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கியது, பார்பரா ஸ்டான்விக், ஹென்றி ஃபோண்டா. கத்தல் கிடையாது. இன்றைக்கு ராத்திரி அதைப் போடுங்கள்.

இரவுக்காட்சி

போட்டேன். இரண்டு நாளாக அதே நினைப்பு!

கப்பல் சாப்பாட்டுக் கூடம். அமேசான் காட்டில் பாம்பு ஆராய்ச்சி செய்துவிட்டு வரும் பீர் கம்பெனி வாரிசு ஃபோண்டா தனியாகப் புத்தகம் படிக்கிறான். அவனைக் கவிழ்க்கக் கூடத்தில் இருக்கும் அத்தனை பெண்களும் முயற்சி செய்கிறார்கள். சீட்டாட்டத் திருடி ஸ்டான்விக் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டு போகிறாள். கண்ணாடிக்குள் நாம் பார்ப்பது ஊமைப்படம், குரல் முழுவதும் அவளுடையது. அவன் எழுந்து வெளியே போகும்போது காலை நீட்டி விழவைத்து, என் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டாயே என்று அவனையே அதட்டுகிறாள். இந்த வேகம் எனக்குத் தாங்குகிறது. ஒருத்தி நடத்துகிறாள், ஒருவன் நடத்தப்படுகிறான், யார் என்ன செய்கிறார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

எரிச்சலும் உண்டு. அவள் யார் என்று தெரிந்து அவன் உதறிவிடுகிறான். அவள் இங்கிலாந்துச் சீமாட்டி லேடி ஈவ் என்று பெயர் மாற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கே விருந்துக்கு வருகிறாள். அதே முகம், அதே தலை, பேச்சு மட்டும்தான் வேறு. இவனுக்குச் சந்தேகம் வந்தாலும், வேஷம் போடுகிறவள் முடியையாவது மாற்றியிருப்பாள், இத்தனை ஒற்றுமை இருப்பதாலேயே இவள் வேறு ஆள் என்று முடிவு செய்கிறான். இவ்வளவு மக்கா ஒருத்தன்?

நீலாம்பரி

அவன் மக்கு இல்லை. முதல் தடவை அவளைச் சரியாகப் பார்த்திருந்தால் ஒரு போட்டோவைக் காட்டியதும் உதறியிருக்கமாட்டான். பார்க்கத் தெரியாதவனுக்கு அவள் இரண்டாவது தடவையும் முகத்தை மறைக்காமல் வந்து நிற்கிறாள். இதைவிட ஒரு பழிவாங்கல் உண்டா? அந்தக் குதிரைக் காட்சி பார்த்தீர்களா? உன்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த மாதிரி இருக்கிறது என்று, கப்பலில் முதல் பெண்ணிடம் சொன்ன அதே வசனத்தை இவளிடமும் உருகி உருகிச் சொல்கிறான். பின்னால் நிற்கும் குதிரை அவன் தலையை முகர்ந்து முகர்ந்து தள்ளுகிறது. குதிரைக்குக்கூடப் பொறுக்கவில்லை.

டூரிங் டாக்கீஸ்

நார்மல் ஆள் யார் என்று கவனித்தீர்களா? வில்லியம் டெமரெஸ்ட் செய்யும் மக்ஸி. ஃபோண்டாவின் உதவியாள், எடுபிடி. எல்லோரும் அவனை முரடன், அறிவில்லாதவன் என்று தள்ளுகிறார்கள். விருந்தில் அவன் மட்டும்தான் இது அதே பொம்பளைதான் என்று முதல் நிமிடத்திலிருந்து சொல்கிறான். ஒருவரும் கேட்பதில்லை. படத்தின் கடைசி வசனமும் அவனுடையதுதான். காதலர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், அந்த அறையிலிருந்து நைசாக வெளியே வந்து நம்மைப் பார்த்து, சந்தேகமே இல்லை, அதே பொம்பளைதான் என்கிறான்.

பெஞ்சு டிக்கெட்

அப்படியானால் பெல்லமிக்குப் பழி தீர்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரவுக்காட்சி, அடுத்தது பாம் பீச் ஸ்டோரி போடுங்கள். கறுப்புவெள்ளை சொன்ன ரயில் காட்சிக்கு மனதைத் தயார் செய்துகொண்டு பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவும் புரியாது, அலமாரியில் ஒருத்தியைக் கட்டிப் போட்டிருப்பார்கள், இன்னொருத்தி கல்யாணத்துக்கு ஓடுவாள். பயப்படாதீர்கள், கடைசி நிமிடத்தில் காரணம் சொல்வார்கள், அதையும் நம்ப முடியாது. அதில் நார்மல் ஆள் யார் என்று கண்டுபிடித்தால் இங்கே வந்து எழுதுங்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.